ஆறுமுகசாமியின் பாலை ஊற்றியவள்

தன் வீட்டு மாடுகளைக் கறந்து முடித்த கையோடு, பூமாரி பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போய் ஆறுமுகசாமியின் பசுவுக்கு மடி கழுவினாள். புதுக் கை என்று முதல் நாள் உதைத்த பசு இப்போது பழகியிருந்தது. கறந்த பாலை அவருடைய தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு பால் சொசைட்டிக்கு நடந்தாள்.

மீனாட்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் பூமாரி. கணவன் இளநீர் லாரியோடு வாரத்தில் பாதி நாள் வெளியூரில். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. யார் எது கேட்டாலும் மறுக்கத் தெரியாதவள். ஊர் அதை நல்ல குணம் என்றது. கணவன் மட்டும், "இவகிட்ட எவனாச்சும் ஊட்டுக் கூரையக் கேட்டாலும் ஏணி எடுத்துக் குடுப்பா" என்பான்.

ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக ஓர் ஏற்பாடு உண்டு. பால் சொசைட்டியும், ஊர் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆஷா பணியாளர் ஷீனாவும், நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்சும் கூடிப் பேசி உண்டாக்கியது. பால் ஊற்றவோ வாங்கவோ ஒரு பெரியவர் வரவில்லை என்றால், பால் அளக்கும் வினோ ஷீனாவுக்குப் போன் செய்வான். ஷீனா வீட்டுக்கே போய்ப் பார்ப்பாள். தேவைப்பட்டால் நர்சின் ஜீப் வரும். குளியலறையில் விழுந்து கிடந்த ஒரு கிழவியை அப்படித்தான் காப்பாற்றினார்கள்.

ஆறுமுகசாமிக்குச் சர்க்கரை. காலில் கல் குத்திய புண் ஆறாமல் வீங்கியபோது, கட்டிலில் கிடந்தபடியே பூமாரியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ரெண்டு நாளைக்கு மாட்டைப் பீச்சி எம் பேர்ல ஊத்திப்போடு. ஷீனாவுக்கு மட்டும் தெரியக்கூடாது."

"ஏனுங்க மாமா? அவங்க வந்தா மருந்து கட்டுவாங்கல்லங்க?"

"மருந்து கட்டிப்போட்டு எம் பையனுக்குப் போன் போடுவா. அவன் வந்து மாட்டை வித்துப்போட்டு என்னையத் திருப்பூருக்கு இழுத்துட்டுப் போயிருவான். அங்க மூணாவது மாடியில உக்காந்து நான் எதைப் பாக்கறது? பனியன் காயறதையா?"

பூமாரி சிரித்துவிட்டாள். சரி என்றும் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் சொசைட்டியில் வினோ போசியை வாங்கிக்கொண்டு கேட்டான். "எங்கீங்கக்கா, பெரியவரைக் காணோம்?"

"தோப்புக்குத் தண்ணி பாய்ச்சிட்டிருக்காரு தம்பி. வர்ற வழிதானேன்னு நான் வாங்கிட்டு வந்தேன்."

"அவரு தண்ணி பாய்ச்சறாரு, நீங்க பால் சொமக்கறீங்க. நல்ல கூட்டணிதானுங்க."

இரண்டு நாள் என்றது நீண்டுகொண்டே போனது. பூமாரி மஞ்சள் பற்றுப் போட்டாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஒருநாள் ஷீனாவே ஸ்கூட்டரை அவளருகே நிறுத்தினாள்.

"உங்க மாமனுக்குச் சுகந்தானே, பூமாரிக்கா? பால் தவறாம வருதுன்னு வினோ சொன்னான். அதான் நான் இந்தப் பக்கம் வரலை."

"சுகந்தானுங்க" என்றாள் பூமாரி. அவருக்கான கஞ்சிப் பாத்திரம் அப்போது அவள் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அந்த அறையில் நாற்றம் வந்தது. துணியை அவிழ்த்தால் கால் விரல்கள் கறுத்திருந்தன. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட, பூமாரியே ஷீனாவுக்குப் போன் செய்தாள். ஜீப்பில் வந்த நர்ஸ் காலைப் பார்த்ததுமே ஆம்புலன்ஸை அழைத்தாள். "ஆரம்பத்துல கூப்பிட்டிருந்தா ஊட்லயே வெச்சு ஆத்தியிருக்கலாமே" என்று பொதுவாகச் சொன்னாள். ஷீனா பூமாரியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவிழ்த்துப் போட்ட துணியைச் சுருட்டி எடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பிய அன்று மகன் கூடவே வந்திருந்தான். வாசலிலேயே பூமாரியை நிறுத்திப் பேசினான்.

"அக்கா, நீங்க போன் பண்ணலைன்னா அப்பன் உசுரே போயிருக்குமுங்க. நான் கொஞ்ச நாள் இங்கதான். மாட்டையும் விக்கப் போறதில்லை. அதில்லாம அவரு இருப்பாருங்களா? எனக்குத் தெரியாதா?"

பூமாரிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் பால் ஊற்றி மறைத்ததை ஷீனா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பூமாரி உள்ளே போனாள்.

"மாடு தின்னுதா?" என்றார் ஆறுமுகசாமி.

"தின்னுதுங்க."

தண்ணீர் கேட்டார். தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தாள். போர்வை ஒரு பக்கம் மட்டும் கட்டிலோடு படிந்து கிடந்தது.

"மாமா, நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் அன்னைக்கே ஷீனாகிட்டச் சொல்லியிருந்தா, காலு தப்பியிருக்குமல்லங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க பையன் என்னையத் தெய்வமாட்டம் பேசறாருங்க. கேக்க முடியலை. நடந்ததைச் சொல்லிப்போடட்டுங்களா?"

தூங்கவில்லை அவர். விரல்கள் போர்வை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தன. வெளியே மகன் யாரிடமோ போனில், பக்கத்து வீட்டு அக்காதான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பூமாரி கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, அவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வாரா என்று நின்று பார்த்தாள். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.