எல்லா மோட்டாரும் ஓடிய காலை

திருப்பூரில் ஆறு இருந்ததால் சாயப்பட்டறைகள் வந்தன. அவை வந்ததால் என் வீட்டுக்காரர் அங்கே போனார். எங்கள் ஊருக்கு மொரப்பூர் ரயில் நிலையம் கிட்டத்தில்தான், ஆறுதான் எட்டவில்லை. சாய நெடியில் பதினோரு வருஷம் நின்று, இப்போது நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

போன வருஷம் ஒரு துணிக் கம்பெனி எங்கள் பக்கம் இடம் தேடியது. ரயில் இருக்கிறது, ரோடு இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

"அது வந்தா அங்கயே சேந்துக்கறேன். வூட்டோட இருந்துக்கலாம்" என்றார் அவர் போனில். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சோதிக்க எங்கள் போர்வெல்லைத்தான் எடுத்தார்கள். சுற்றியுள்ள ஆறு போர்வெல்லுக்கும் நிலத்தடியில் ஒரே ஊற்று. ஒருவர் நிறுத்தினால்தான் அடுத்தவர் மோட்டார் போடுவது வழக்கம். அவர்கள் வரும் அன்று காலை, பக்கத்துக் காட்டில் வெள்ளாமை செய்யும் மாமா எல்லோரையும் கூப்பிட்டார்.

"எல்லாரும் மோட்டாரப் போடுங்கப்பா! திரும்பின பக்கமெல்லாம் தண்ணி ஓடணும். காஞ்ச காட்டப் பாத்தா எவன் வருவான்?"

"அப்படியே ரெண்டு பரிசலும் வுட்டுரலாமா மாமா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

தப்பு என்று எனக்குத் தெரியும். தினமும் மடை திருப்புகிறவள் நான்தான். 'மத்ததெல்லாம் நிறுத்துங்க மாமா' என்று வாய் வரை வந்தது. அத்தனை ஆண்கள், அதற்குள் ஜீப்பில் வந்து இறங்கிய கம்பெனிக்காரர்கள் வேறு. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் எங்கள் குழாய் நிறையத் தண்ணீர் வந்தது. அப்புறம் விட்டு விட்டு வந்தது. பிறகு சேறு. கடைசியில் வெறும் காற்று.

கம்பெனியிலிருந்து வந்தவர் நோட்டை மூடினார். "தப்பா நினைக்காதீங்க. காவிரிக் கரையில ஒரு இடம் பாத்திருக்கோம்."

"மத்த மோட்டார நிறுத்திட்டு இன்னொருக்கா பாருங்க சார்" என்று மாமா ஜீப் பின்னாலேயே ஓடினார். அவர்கள் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கெஞ்சுவது போலக் கேட்டார். பிறகு, "எருமைய வித்துட்டு நீயும் இங்க வந்துரு. ஒண்டியா முடியல" என்றார்.

சரிங்க என்றேன். அங்கே எனக்கும் சாயப்பட்டறையில்தான் வேலை கிடைக்கும். அது அவருக்கும் தெரியும்.