மாசி மகத்தில் குளித்த வண்டி

எங்கள் அப்பாவுக்குச் சாமி பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. மாசி மகத்தன்று மனிதரும் குளிக்கிறார்கள், சாமியும் குளிக்கிறது, சோறு போடும் வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது என்பது அவர் கட்சி. ஆகவே தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி முடிந்ததும் எங்கள் படகு வண்டியும் கடலில் இறங்கி ஒரு முழுக்குப் போடும்.

அது மினி லாரிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர். கடலூரில் செய்யும் பைபர் படகுகளைச் சிதம்பரம் பக்கம் கிள்ளைக்குக் கொண்டுபோய், சக்கரம் முழுகப் பின்னால் தள்ளித் தண்ணீரில் இறக்குவோம். அப்பாவும் மாமாவும் கூட்டாக வைத்திருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வைகாசியில் அவருக்கும் அத்தைக்கும், அதாவது அப்பாவின் தங்கைக்கும், திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. மாமா பெயரைச் சொன்னாலே அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த வருடம் கிள்ளையிலிருந்து வண்டி நேராகக் கடற்கரைக்கு வந்தது. மாமா சக்கரத்தின் நடுவில் கை வைத்து, வெடுக்கென்று எடுத்தார்.

“கையே வெக்க முடியல மாமா. சூட்டோட எறக்குனா பேரிங்கு உப்புத் தண்ணிய உள்ள இழுத்துக்கும். கொஞ்சம் ஆறட்டும்.”

“நல்ல நேரம் ஒனக்காக நிக்குமா மச்சான்?” என்று அப்பாவே ஏறி வண்டியைப் பின்னால் விட்டார். ‘சுர்’ரென்று சத்தம் வந்தது. நாங்கள் கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சக்கரத்தைக் கழற்றப் போனார். தீர்த்தம் பட்டதை அன்றைக்கே துடைக்கக் கூடாது, நானே பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா தடுத்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பழையதை எடுக்காமல், டிராக்டருக்கு வாங்கிய கிரீஸை மேலாக அப்பி மூடினார். தண்ணீர் தாங்கும் நீல கிரீஸை மாமா தனியாக வாங்கி வைத்திருந்தார். “கிரீஸுல என்னடா ஜாதி?” என்று பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டுவிட்டு அப்பா அதைத் தொடவில்லை. பழையதைக் கழுவிப் புதிதாகப் போட்டதாக மாமாவிடம் சொன்னார். அக்காள் புருஷன் சொன்னால் மாமா நம்பாமல் இருப்பாரா?

பங்குனியில் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு சக்கரம் இறுகி, கழன்று ஓடியது. புதுப் படகு ரோட்டில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. ஓட்டியவர் மாமா. சேதி கேட்டு ஓடிவந்த அப்பா, கூடிய கூட்டத்துக்கு நடுவில், “வண்டியக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு எந்தங்கச்சியக் குடுக்க மாட்டேன்” என்று கத்திவிட்டார்.

மாமா பதிலுக்குக் கத்தவில்லை. “இன்னொரு சக்கரம் அப்புடியேதான இருக்கு. நாளைக்கு பெரியவங்க முன்னாடி கழட்டுவோம். உள்ள நல்லா இருந்தா தப்பு என்னுது. கல்யாணம் வேணாம்.”

வண்டியை ராத்திரியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் அப்பா அந்தச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். உள்ளே கிரீஸ் திரிந்த பால் மாதிரி வெளுத்து, துருவோடு வழிந்தது. அப்பா எல்லாவற்றையும் வழித்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துருப்போகத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தார். மாமாவின் நீல டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் எடுத்து, உருளை உருளையாக அழுத்தி ஏற்றினார். மாமா எத்தனையோ முறை சொல்லியும் செய்யாத வேலையை அன்றுதான் ஒரு குறையில்லாமல் செய்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அது என்ன வேலை என்று இன்றுதான் புரிகிறது. வாய்தவறி விட்ட ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க மனமில்லாமல் கூடப்பிறந்தவளின் வாழ்க்கையையே ஒரு மனிதர் எடுத்துக்கொண்டார்.

பெரியவர்கள் வந்தார்கள். மூடி திறந்தது. உள்ளே பளிச்சென்று இருந்தது.

“ஒரு பக்கத்துக்குப் போட்டவன் இன்னொரு பக்கத்துக்குப் போடாமலா இருப்பேன்?” என்றார் அப்பா. பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

மாமா குனிந்து, அந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். தன் நீல டப்பா இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நல்லா போட்டிருக்கீங்க மாமா” என்றார்.

நான் சமையற்கட்டுக்கு ஓடினேன். மாமா அப்பாவைப் பாராட்டிவிட்டார், சண்டை தீர்ந்தது, இனிமேல் கல்யாணம்தான் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.