நாலாவது முடிச்சு

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது.

போன வருடம் பேரனுக்குக் கலியாணம். ரொறன்ரோவில் இல்லாத மண்டபமா? பிள்ளைகள் கிரீஸ் நாட்டில் ஒரு தீவைப் பிடித்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் முதலே போய்விட்டார்கள். நாங்கள் ஏழு பேர் பின்னால் போனோம். கூறைச்சேலை மகனின் சூட்கேசில். தாலிக்கொடியை மட்டும் நான் விடவில்லை. கைப்பைக்குள் வைத்துக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டேன்.

கார், லொறி எல்லாவற்றையும் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு போகிற பெரிய கப்பல். ஒவ்வொரு தீவாக நின்று நின்று போகும். "நாலாவது தீவு அம்மா, மூண்டு மணிக்கு இறங்குவம்" என்றான் மகன். நாலை நான் பிடித்துக்கொண்டேன், மூன்று மணியை அவன் பிடித்துக்கொண்டான்.

காற்று பலமென்று கப்பல் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிட்டது. எல்லாரும் தலைச்சுற்றுக்குக் குளிசை போட்டுவிட்டு நல்ல நித்திரை. நான் முழித்திருந்து, தீவுக்கு ஒன்றாகச் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டேன்.

மூன்றாவது முடிச்சுப் போடும்போது மகன் துள்ளி எழும்பினான். "மூண்டு மணியாச்சு, இறங்குங்கோ இறங்குங்கோ."

"தம்பி, இது மூண்டாவது. நாலாவது இன்னும் வரேல்லை."

"முடிச்சையோ அம்மா பாக்கிறது? மணியைப் பாருங்கோ. கதைச்சுக்கொண்டு நிக்காமல் வாங்கோ."

அவன் சூட்கேசுகளோடு முன்னால் ஓடினான். நான் மகனோடு போகிறேன் என்று மருமகள் நினைத்தாள். நான் மருமகளோடு வருகிறேன் என்று அவன் நினைத்தான். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சனம் என்னை விலத்திக்கொண்டு போனது. ஐந்து நிமிசம்கூட இல்லை, அந்தப் பெரிய இரும்புக் கதவு மேலே ஏறியது. மேல்தட்டுக்குப் போய்ப் பார்த்தால், கரையில் மகன் தலைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறான். ஆறுதான் வந்தது. நான் முடிச்சுப் போட்ட தலைப்பைத் தூக்கிக் காட்டினேன்.

கப்பல் திரும்பின பிறகுதான் யோசனை வந்தது. கையில் போன் இல்லை. பாஷை தெரியாது. விடிந்தால் முகூர்த்தம், தாலி என்னிடம். நான் எண்ணினது பிழை என்றால்?

பிறகு எனக்கு நானே சொன்னேன். ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கமிருந்து பேக்கரி வேலைக்கு இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் போனேன். கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருக்கும், தெருவின் பெயர் தெரிந்தாலும் வாசிக்க ஏலாது. ஏழு சிக்னல் லைட் எண்ணி, எட்டாவதுக்கு மணியை அடிப்பேன். ஒருநாள்கூடப் பிழைத்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் பிழைக்க வேண்டும்?

நாலாவது முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினேன். கரையில் மாப்பிள்ளைப் பேரன் நின்றான்.

"அப்பம்மா, மற்ற ஆக்கள் எங்க? ஒருத்தற்ற போனும் வேலை செய்யுதில்லை."

"அவை மணி பாக்கத் தெரிஞ்ச ஆக்கள். முந்தி இறங்கிட்டினம்."

விசயம் விளங்கினதும் அவன் சிரித்த சிரிப்பில் அந்தக் கரையிலேயே குந்திவிட்டான்.

மற்றவர்கள் அடுத்த நாள் முதல் கப்பலில், கூறைச்சேலையும் நித்திரையில்லாத முகங்களுமாக வந்து சேர்ந்தார்கள். சரியான நேரத்தில் தாலி ஏறியது. சபையில் மகன் எனக்குப் பக்கத்தில் வந்து மெல்ல இருந்தான். "எத்தினை முடிச்சம்மா?" என்று கேட்டான். "நாலு" என்றேன்.

இப்போது என்னை ரெயினில் விட்பிக்குக் கூட்டிப் போகும்போதும், இறங்குகிற இடம் வந்துவிட்டதா என்று அவன் போனைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறான். படிக்காதவள் என்று இத்தனை வருடம் கூசினது அந்தக் கடலோடு போய்விட்டது.

எழுத்துக் கூட்டி இதை எழுதி முடித்து, சின்னப் பேத்தியிடம் நீட்டுகிறேன். பிள்ளை, நீ தமிழ்ப் பள்ளிக்கூடம் போறனிதானே, இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நாலு முடிச்சும் இருக்கோ எண்டு எண்ணிப் பாப்பம்.