விட்டுப்போன பாரம்

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பெயர் பாரம் அக்கா. ஆள் ஒன்றும் பாரமில்லை. பலமாகத் தும்மினால் பறந்துவிடுகிற உடம்பு. பதினாறு பக்கம் அச்சான தாளை மூன்று முறை மடித்தால் அது ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள், இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுக்கில்தான் கண்ணை வைத்திருக்கிறாள். பதினாறாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்துமூன்று வந்தால் கை தானாக நின்றுவிடும். அவளைத் தாண்டி ஒரு பாரம் குறைந்த புத்தகம் வெளியே போனதில்லை.

அரசாங்கம் முகக்கவசக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. "இனி நீங்களே பேசி முடிவெடுங்க" என்று முதலாளியும் நழுவிவிட்டார். காலையில் மிஷின் ஓடுமுன், பைண்டிங் கூடத்தின் பதினைந்து பேரும் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையில் இருக்கிறார். முதல் ஒரு வருஷம் சளிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடத்திலோ தாள் பறக்கும் என்று ஜன்னலைத் திறப்பதில்லை, மின்விசிறியும் போடுவதில்லை. கவசம் போனால் அவளும் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான். போவதாக அவளுக்கு உத்தேசமில்லை.

எதிரணித் தலைவன் கட்டிங் மிஷின்காரன். எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு 'ஆகவே' போடுவான்; அதனால் அவன் பெயரே ஆகவே.

"பசை அண்ணன் ஒரு நாள் விடாம மாஸ்க் போட்டாரு. அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. நான் தாடைக்குத்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் வரல. ஆகவே, மாஸ்க்கால ஒரு பிரயோஜனமும் இல்ல!"

கூடம் கைதட்டியது. அட்டைக்குப் பசை தடவும் அண்ணன்கூடத் தலையாட்டினார்.

பாரம் அக்கா எழுந்தாள். "தம்பி, நீ சொன்னதுல ஒரு பாரம் விட்டுப்போச்சு. பதினாறுலேருந்து முப்பத்துமூணுக்குத் தாவிட்டே. பசை அண்ணே, காய்ச்சலுக்கு முந்தின வாரம் எங்க போனீங்க?"

"மச்சினன் கல்யாணத்துக்கு. மூணு நாள்."

"அங்க மாஸ்க் எங்க இருந்துச்சு?"

அண்ணன் நெளிந்தார். "சட்டைப் பையில."

"அதான் சட்டைக்குக் காய்ச்சல் வரல!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. 'ஆகவே' விடவில்லை. "சரிக்கா, பயமிருக்கிற நீங்க போட்டுக்குங்க. என் மூஞ்சி என் இஷ்டம்."

"மூஞ்சி உன்னோடதுதான். நீ விடுற மூச்சு என் மேசைக்கு வருதே, அது யாரோடது? நான் மட்டும் போட்டா பாதிதான் தடுக்கும். எங்க வீட்டுல படுத்திருக்கிறவரை நினைச்சுப் பாக்காதவன்தான் இப்படிப் பேசுவான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆகவேயின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அக்கா, மாமா ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தது யாரு? சைக்கிள் ஸ்டாண்டுல தனியா நின்னப்பவும் மாஸ்க் எங்கேன்னு மேனேஜர் கேட்டு, என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாரு. அந்த ஆத்திரத்துல பேசுறேன். அதுக்காக மாமாவை நினைக்காதவன் ஆயிடுவேனா?"

ஊராருக்குப் பிழை பார்த்தவள் தன் அடுக்கைப் பார்க்கவில்லை. அதற்காக அவள் உட்கார்ந்துவிடவுமில்லை.

"நானும்தான் ஒரு பாரத்தை விட்டுட்டேன் தம்பி. தப்பு என் மேல. வெட்டவெளியில மாஸ்க் எதுக்கு? ஸ்டாண்டுல வேண்டாம், வாசல்ல வேண்டாம். மேனேஜர் கேட்டா நானே வந்து பேசுறேன். ஆனா ஜன்னல் சாத்தின இந்தக் கூடத்துக்குள்ள எல்லாரும் போடணும். டாக்டர் சொன்ன ஒரு வருஷத்துக்கு இன்னும் நாலு மாசம். அதுக்கு மேல கேக்க மாட்டேன். அதுக்குக் கீழ இறங்கவும் மாட்டேன்."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பசை அண்ணன் கை மூன்றாவது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. 'ஆகவே' கை தூக்கவில்லை; மார்பில் கட்டியபடியே நின்றான்.

"எனக்கு இதுல சம்மதமில்ல. ஆனா தோத்தா தோத்ததுதான்" என்று பையைத் துழாவிக் கவசத்தை எடுத்து மாட்டினான்.

மிஷின் உறுமத் தொடங்கியது. பாரம் அக்கா மேசைக்குத் திரும்பாமல் அவன் எதிரிலேயே நின்றாள்.

"மூக்கு வெளிய தெரியுது தம்பி."

"ஓட்டெடுப்புல மூக்கைப் பத்திப் பேச்சே இல்லையேக்கா!"

"இப்பப் பேசியாச்சு. ஏத்து."

ஏற்றினான்.