நேர்த்திக்கு வளர்த்த முடி

ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலிஷ் டீச்சராக இருந்த காலத்தில், வருடாவருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டு செய்ய வருவார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார்கள், கட்டிப்பிடித்துப் படமெடுப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழும். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவர்கள் போன பிறகு ஏதாவதொரு பிள்ளைக்குச் சிரங்கு ஆறியிருக்கும். அது இன்னும் எரிச்சல்.

அந்த முறை வந்தவர்களில் தாதிப் படிப்பு படிக்கும் பெண்ணொருத்தி இருந்தாள். பேன் ஒழிப்பு அவள் பொறுப்பு. நான் உள்ளே பாடம் நடத்த, அவள் பின்வாசலில் ஒவ்வொரு தலையாகப் பார்த்து மருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். பேன் மொய்க்கும் பையன்களுக்கு மட்டும் மொட்டை.

முதலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இடுப்பு வரை சடை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவன் தங்கினால் கதிர்காம முருகன் கோயிலில் முடி கொடுப்பதாகத் தாய் நேர்ந்திருந்தாள். அடுத்த மாதத் திருவிழாவுக்குப் போக இருந்தார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அந்த மாணவியிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் வெட்டட்டுமா என்று பையனிடம் சைகையில் கேட்டிருக்கிறாள். வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் எங்கள் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். வெட்டிய முடியைச் சுத்தத்துக்காகத் தகர டின்னில் போட்டுக் கொளுத்தியும் விட்டாள்.

கருகிய நாற்றம் வகுப்புக்குள் வந்தது. நான் வெளியே வரவும், கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் தாய் அங்கே வரவும் சரியாக இருந்தது. மகனின் தலையைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். முதுகுக் கூடையைக் கழற்றாமலே இரண்டு கைகளையும் நெருப்புக்குள் விட்டாள். ஒரு பிடி முடியாவது கிடைத்துக் கோயிலில் சேர்த்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் நம்பிக்கை. கரிக்கட்டிதான் கிடைத்தது. உள்ளங்கைத் தோல் டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அவள் அலறியது மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

அலறலைக் கேட்டு மேல் மலையிலிருந்து புருஷன் தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியோடு ஓடிவந்தான். அந்த மாணவி ஓடவில்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும். தான்தான் வெட்டியது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கத்தியைக் கதவில் கொத்தி நிறுத்திவிட்டுத் திரும்பி, மனைவியின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். புது மஞ்சள் பெயின்ட்டில் இரத்தம் வழிந்தது. விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தானாம். வெந்த கைகளால் அவளுக்கு முகத்தை மறைக்கக்கூட முடியவில்லை. எங்கள் தலைமை ஆசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மாணவி உட்கார்ந்து பேன் பார்த்த கதிரையைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன். மறுபடி போட்டேன். கதிரையின் கால் ஒடிந்தது. அவன் என்மேல் கை ஓங்கவில்லை, மூச்சு வாங்க நின்றான்.

"வெட்டுனது அந்தப் புள்ள. இவள எதுக்குடா மிதிக்கிற?" என்று கேட்டேன்.

"வெள்ளக்காரப் புள்ளய தொட்டா நா ஜெயிலுக்குப் போவணும், டீச்சர். ஒங்கள தொட்டாலும் போவணும். இவள அடிச்சா யாரு கேக்கப்போறா?"

கோபமில்லாமல், எனக்கு விளங்கப்படுத்துவதைப் போலத்தான் சொன்னான்.

அவன் என்ன சொன்னான் என்று மாணவி அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள். கீழே கிடந்தவள் வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள். அவளுக்கு இங்கிலிஷ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்திருந்தது.

"அந்தப் புள்ளகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க டீச்சர். நல்லது செய்யத்தானே வந்துச்சி. பாவம், அழுவுது."

எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மாணவியின் கண்ணைப் பார்த்து, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலிஷில் சொன்னேன். பிறகு, அந்தத் தாய் சொன்னதையும் சொன்னேன்.