சிவாஜிநகரில் எடுக்காத சேலை

2003 ஐப்பசி மாதம். காலை ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் ஏறினோம். நான், மகள் கவிதா, என் அக்கா. அக்கா எனக்கு மாமியாரும்கூட. அவள் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். தொண்ணூறு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய்.

இரண்டு வருடம் முன்பு என் மகன், கவிதாவின் தம்பி, எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் இறந்தான். பரம்பரையில் வரும் நோய் அது. இப்படிப்பட்ட குடும்பங்களில் யாருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரக்கூடும் என்று பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள். நானும் மனைவியும் கவிதாவும் அங்கே ரத்தம் கொடுத்திருந்தோம். முடிவு கேட்கத்தான் இந்தப் பயணம். தை மாதம் கவிதாவுக்கும் அக்காவின் கடைசி மகன் சேகருக்கும் கல்யாணம். அவனை மட்டும் அக்கா அனுப்பவில்லை. மாப்பிள்ளை ஊசி குத்திக்கொண்டால் ஊர் பேசும் என்றாள். முடிவு நல்லதாக இருந்தால் அப்படியே அங்கே சிவாஜிநகர் கடைகளில் முகூர்த்தச் சேலை எடுப்பதாக இருந்தது.

ஓசூரில் மழை. அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகைகள் கன்னடத்துக்கு மாறின. மடிவாளாவில் இறங்கி டவுன் பஸ் பிடித்தோம். நசுங்கும் கூட்டம். நான் படி ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

"யஜமானரே, ஸ்வல்ப உள்ள போங்க. உங்களுக்குத்தானே பஸ்ஸையே காலி பண்ணி வச்சிருக்கோம்!" என்றார் கண்டக்டர், கன்னடம் கலந்த தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். கவிதாவும்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தை, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக, ஒரு தாளில் வரைந்திருந்தார். என்னிடமிருந்து ஒரு கோடு, மனைவியிடமிருந்து ஒரு கோடு. இரண்டும் மேலே ஏறி என்னையும் அக்காவையும் பெற்ற அப்பா அம்மாவிடமே போய்ச் சேர்ந்தன.

"ரெண்டு பக்கமும் ஒரே வீடுதான், இல்லீங்களா?"

"சம்பந்தி வீடுன்னு எங்களுக்குத் தனியா கெடையாது டாக்டர். விருந்துச் செலவு மிச்சம்" என்றாள் கவிதா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தம்பிக்கு இருந்ததே கவிதாவுக்கும் இருக்கிறது என்றார். இன்று உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மஜ்ஜை தளரலாம். ரத்தப் புற்றோ வாய்ப் புற்றோ மற்றவர்களைவிட எளிதாக வரலாம். எப்போது என்று சொல்ல முடியாது. தவறாமல் வந்து காட்டிக்கொள்ள வேண்டும். சேகரின் ரத்தமும் வேண்டும். அவனிடமும் இது மறைந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரலாம்.

வெளியே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொண்ண வெளியில குடுத்தா உம்பையன் எப்படிச் செத்தான்னு தோண்டுவாங்கன்னுதானேடா எம்பையனுக்கே முடிச்சேன்" என்றாள்.

சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குத் துணிக்கடைகள் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. "வாங்கண்ணா, கல்யாணச் சேலையா?" என்று ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். கவிதா நின்று, தொங்கிய அரக்குச் சேலை ஒன்றின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் காதருகே சொன்னாள்: "தை முடியட்டும். சேகர்கிட்ட மூச்சு விடாதே." நான் தலையாட்டினேன். முன் சீட்டில் கவிதா திரும்பவில்லை.

மாலை ஆறரைக்குக் கிருஷ்ணகிரி. சேகர் சைக்கிளோடு காத்திருந்தான். கவிதா எங்களுக்கு முன்னால் இறங்கினாள்.

"சேலை எங்க?"

"எடுக்கல மாமா. தம்பிக்கு இருந்தது எனக்கும் இருக்காம்."

பெங்களூரில் நாங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. இங்கே டீக்கடையில் நாலு பேர் அதற்குள் திரும்பிவிட்டார்கள். சேகர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான், மறுபடி எடுத்தான்.

"எனக்கும் ரத்தம் எடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டான்.

"இறங்கும்மா, கிருஷ்ணகிரிதான்" என்று கண்டக்டர் இரண்டு முறை சொல்லும்வரை அக்கா படியிலேயே நின்றாள்.