காயத்துக்கான பதக்கம்

அப்பாவின் இடுப்பில் இரும்பு இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி டாக்டர். இடுப்பு வலி தாங்கவில்லை, கால் மரத்துப் போகிறது என்று அழைத்துப் போயிருந்தேன். எம்ஆர்ஐ எடுக்கச் சீட்டு எழுதியவர், எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் மல்லாட்டைப் பருப்பளவில் ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தது. இதை வைத்துக்கொண்டு அந்த மெஷினுக்குள் அனுப்ப முடியாது என்றார். எப்படி உள்ளே போனது என்று கேட்டார்.

"மிலிட்டரில இருந்தப்ப பட்டதுங்க," என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்த கதை வேறு. அவர் இடுப்பிலிருக்கும் தழும்பு ஜீப் கவிழ்ந்ததில் வந்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தார். சிப்பாயாகப் போய்ச் சிப்பாயாகவே திரும்பினார். அவரோடு ஒரே நாளில் சேர்ந்த, எங்கள் காலனிக்காரர் இன்னொருவர் ஹவில்தாராகி வந்தார். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. திண்டிவனத்தில் ஒரு மண்டியில் அப்பா வாட்ச்மேனாக இருந்த காலத்தில், வீட்டில் எந்தச் சண்டை தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். தோளில் ஒரு பட்டை வாங்கத் துப்பில்லாத ஆள் என்பாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நானும் அம்மா பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது உங்க அப்பா என்ன ராங்க் என்று கேட்டால், மிலிட்டரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

அன்று ரயிலில் திரும்பும்போது விடாமல் கேட்டேன். இலங்கையில் பட்ட குண்டுத் துண்டு என்றார். அவர் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திரும்பி வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், நம்ம ஜனத்தைச் சுடத்தான் போனியா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த நாட்டின் பெயரையே அவர் எடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ராணுவத்தை விட்டு வரும்போது கொடுப்பது அது. ஒருவருடைய பணிக்காலம் முழுக்க அதில் இருக்கும். பதக்கங்கள் என்ற இடத்தில் இரண்டே வரி. இலங்கைக்குப் போய் வந்தவர்களுக்கென்று ஒரு பதக்கம் உண்டு, எதிரி தாக்கிக் காயம்பட்டவர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு என்று செல்போனில் தேடித் தெரிந்துகொண்டேன். இரண்டுமே அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சொந்த அப்பாவுக்கு எழுதவில்லையே என்று பட்டது.

வேண்டாம்மா என்றார் அப்பா. இரண்டு மூன்று முறை சொன்னார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் என்று பேனாவைக் கையில் திணித்தேன். போட்டார்.

விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் இருந்தவரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான். பொறுமையாக என் மனுவைத் திருத்தி, ராணுவப் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வழி சொன்னார். காயத்துக்கான பதக்கத்துக்கு அன்றைய ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டும், அவர்களையே தேடச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்க்கவைத்தார்.

ஐந்து மாதம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. இலங்கையில் பணியாற்றியதற்கான பதக்கத்தைப் பதிவில் சேர்க்கலாம். காயத்துக்கானதைச் சேர்க்க முடியாது. விசாரணையின்படி, இவர் தன்னிடமிருந்த கையெறி குண்டைக் கவனமில்லாமல் கையாண்டு காயப்பட்டவர். அதற்காகத் தண்டனையும் பெற்றவர். அவருடைய வாக்குமூலத்தின் நகலை இணைத்திருந்தார்கள். கீழே அப்பாவின் தமிழ்க் கையெழுத்து.

நான் முழுவதையும் தமிழில் அவருக்குப் படித்துச் சொன்னேன். அவருக்கு ஏன் பட்டை கிடைக்கவில்லை என்பது விளங்கிவிட்டதாக நினைத்தேன். "அம்மா சொன்னது சரியாத்தான் போச்சு," என்றேன்.

அப்பா காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

இலங்கையில் அவர் இருந்த பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் ஜனங்களிடம் பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் அவரை அழைத்துப் போவார்கள். ஒரு கிராமத்தில் சந்து முனையில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். முனை வீட்டுப் பெண், இப்போது எனக்கிருக்கும் வயதுதான் இருக்குமாம், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறாள். திண்டிவனம் என்றதும், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டிருக்கிறாள். மத்தியானம் அந்த வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு குண்டு வந்து விழுந்து வெடித்தது. அதன் துண்டுதான் அப்பாவின் இடுப்பில் ஏறியது. எறிந்தவனை அப்பா பார்த்துவிட்டார். காலையில் அவள் தண்ணீர் கொடுத்தபோது கதவோரம் நின்ற ஆள். அவள் தம்பியாக இருக்கலாம். அப்பாவோடு காவலுக்கு நின்றவர் அந்த நேரத்தில் சாப்பாடு வாங்கப் போயிருந்தார். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அப்பா தன்னிடமிருந்த குண்டைப் பக்கத்துக் கிணற்றில் போட்டுவிட்டார். தன் கணக்கிலிருந்த குண்டு எண்ணிக்கையில் ஒன்று குறைய வேண்டுமே.

"அந்த வூட்டுலேர்ந்துதான் வந்துச்சின்னு சொல்லியிருந்தா, அங்க இருந்தவங்க எல்லாரையும் புடிச்சிக்கினு போவாங்க. தமிழ்ல விசாரின்னு என்னையேதான் உக்கார வைப்பாங்க. நான் எப்பிடிமா அவங்களைக் கேப்பேன்? என்கிட்ட இருந்துதுதான் வெடிச்சிச்சின்னு சொல்லிட்டேன்."

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா அவ பெருமையா நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பா. அப்புறம் அது எங்க போயி நிக்கும்?"

இப்போதாவது உண்மையை எழுதலாம் என்றேன். போன பட்டை திரும்பாது, பதக்கமாவது பதிவில் ஏறட்டும் என்றேன். எழுதினால் அந்த ஊர், அந்த வீடு எல்லாம் எழுதவேண்டி வருமே என்றார். அங்கே யார் இருக்கிறார்களோ இல்லையோ, விட்டுவிடு என்று எழுந்து போனார்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். அப்பாவுக்குக் குறையவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் போனில் அந்த ஊர் தெரியுமா என்று கேட்டார். வரைபடத்தைத் திறந்து அவர் சொன்ன ஊர்ப் பெயரைத் தட்டினேன். மேலிருந்து எடுத்த படத்தில் பனைமரங்களும் சில கூரைகளும், நடுவே கூரையில்லாத சுவர்களும் தெரிந்தன. விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சந்து எது, கிணறு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. போதும், மூடு என்றார்.

பதக்கத்தைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு விழுப்புரம் அலுவலகத்துக்கு ஒருமுறை போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் வழி நெடுக அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முன்பு மனுவைத் திருத்திக்கொடுத்தவரே புதிய வரியைக் காட்டி வாழ்த்துச் சொன்னார். இன்னொன்று என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார்: "அது எனக்கு சேராதுங்க."

அலுவலகத்துக்காரர் புத்தகத்தை மூடி நீட்டினார். அப்பா எழுந்து, பழக்கத்தில் கால் சேர்த்து நிற்கப் பார்த்தார். இடது கால் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவிடம் போனோம். சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி நிற்காமல் அணைந்து அணைந்து போனது. அவர் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று நான் வாசல் பக்கம் தள்ளிப் போய் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பார். திரும்பி வந்ததும், சொல்லிட்டீங்களாப்பா என்று கேட்டேன்.

"இல்லமா. வாய் வரல."

ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இப்போது அவருக்குக் கால் முன்னைவிட மோசம். அந்தத் துண்டு நரம்பை ஒட்டி இருப்பதால், அறுத்து எடுப்பது ஆபத்து என்கிறார்கள். தபால் வந்த நாளில் நான் சொன்ன அந்த ஒரு வரிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பள்ளிக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையை எடுத்து வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன், வர்றேன்ப்பா என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன்.